முந்தானையில் விழுந்த மீன்கள்

ஓடையை மீட்ட பெருமையை ஒரு மணி நேரம் மேடையில் பேசிவிட்டு, தலைவர் வேட்டியை மடித்துக் கட்டி நாட்டு மீன்களை விடுவதற்காகத் தண்ணீரில் இறங்கினார். இரண்டு வருடமாக அதே தண்ணீரில் குப்பை பொறுக்கி, கூழாங்கல் பரப்பி, மட்டிச் சிப்பிகளைக் கொண்டுவந்து விட்ட சொர்ணத்தாய் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, இது ஜிலேபி மீனு, வெளிநாட்டுச் சாதி. நம்ம கெண்டை முட்டையெல்லாம் தின்னுரும். கெண்டை செவுள்ல ஒட்டித்தான் மட்டிக்குஞ்சே பிழைக்கும்."

"பண்ணையில இதுதாம்மா இருந்துச்சு," என்று பல்லைக் கடித்தார் வாளியைக் கொண்டுவந்த மீன்வளத்துறை அதிகாரி. "போட்டோவுக்கு நாலே நாலு மீனு."

"ஒரு சோடி போதும் சார், ஓடைய முடிக்க."

"சிரிங்க தலைவரே!" என்றார் புகைப்படக்காரர். வாளி சரிந்தது. சொர்ணத்தாய் முந்தானையை விரித்துக் குறுக்கே பாய்ந்தாள்.

"பாவம், மடிப்பிச்சை கேக்குறாய்யா!" என்று தலைவர் கண்கலங்கினார். கரையில் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

மடியில் மூன்றுதான் துள்ளின.

கார்கள் எல்லாம் போய்விட்டன. அவள் மட்டும் இடுப்பளவுத் தண்ணீரில், மட்டிகளை மிதித்துவிடாமல் அடிமேல் அடி வைத்து, கல் கல்லாகத் துழாவிக்கொண்டிருக்கிறாள்.