மாமியார் செலவு

“மாமியாரெல்லாம் குடும்பத்துல வரமாட்டாங்கம்மா.”

கணக்குப் பிரிவு சூப்பரின்டெண்ட் சிவப்புப் பேனாவால் அந்த வரியை ஒரே இழுப்பில் அடித்தார். ஆபீசில் அவருக்குச் ‘சிவப்பு மை’ என்றுதான் பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் ஊர் மாறும் செலவைக் கேட்டு வந்தால் போதும், அவர் கை தானாகப் பேனாவைத் தேடும்.

எதிரே நின்றவள் புது சர்வேயர். எங்கோ தூரத்து ஊரில் போஸ்டிங்.

“புருஷன், பிள்ளைங்க, பெத்தவங்க. இவங்களுக்குத்தான் அரசாங்கம் பயணச் செலவு கொடுக்கும். அதுக்கும் ஒரு வரம்பு இருக்கு.”

“எனக்குப் பெத்தவங்க இல்ல சார். அவங்க இடத்துல அத்தையைப் போட்டுக்கக் கூடாதா?”

“இது என்ன மளிகைக் கடையா, சர்க்கரை இல்லேன்னா வெல்லம் கொடுக்க?”

பக்கத்து சீட்டு டைப்பிஸ்ட் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மாமியாரை விட்டுட்டுப் போக அரசாங்கமே வழி பண்ணிக் கொடுக்குது. நீங்க என்னடான்னா மல்லுக்கு நிக்கிறீங்க!”

சிவப்பு மைக்கு எரிச்சலாக வந்தது. ஒரு பஸ் டிக்கெட்டுக்கு இவ்வளவு அடமா? ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று மனதுக்குள் முணுமுணுத்தார்.

சர்வேயர் குனிந்து குரலைத் தணித்தாள்.

“பணம் வேண்டாம் சார். அடிச்சது அடிச்சதாவே இருக்கட்டும். அத்தை வெளியில பெஞ்சுல உக்காந்திருக்காங்க. வந்து கேட்டா, உண்டுன்னு மட்டும் சொல்லிடுங்க.”

“எதுக்கு?”

“என் வீட்டுக்காரர் கப்பல்ல வேலை பார்க்கிறார். எப்பவாவதுதான் வருவார். ‘உன் காசுல வந்து உனக்குச் சுமையா இருக்க மாட்டேன். சர்க்கார் செலவுன்னா வர்றேன், இல்லேன்னா முதியோர் இல்லம்’னு அத்தை ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க. சட்டத்துல இடம் இருக்குன்னு நான் புளுகிட்டேன்.”

சற்றுமுன் நினைத்ததை எண்ணி அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பொய் சொல்வதாவது! இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் ஒரு பொய் சொன்னதில்லை.

அதற்குள் மாமியாரே பையும் கையுமாக உள்ளே வந்துவிட்டார்.

“தம்பி, எனக்கும் செலவுப் பணம் உண்டாமே? நிஜமா?”

சிவப்பு மை தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“உண்டும்மா. வந்து... சர்வேயர்னாலே மாமியாரோடதான் போகணும். புது உத்தரவு.”

டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் புரையேறியது.

“அப்படியா! அப்போ என் தேக்கு பீரோவையும் ஏத்திடலாமா?”

மருமகள் முகம் வெளுத்தது. லாரிக்கு அவள்தானே கொடுத்தாக வேண்டும்!

“ஐயோ, அது முடியாதும்மா!” என்று அலறினார் அவர். “பீரோவுக்கு வரம்பு இருக்கு. மாமியாருக்குத்தான் இல்ல.”

மருமகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணாலேயே அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

மாமியார் மட்டும் நின்றார். மேஜையில் கை ஊன்றி அவரையே பார்த்தார்.

“பொய் சொல்லிப் பழக்கமே இல்லபோல தம்பி. காதெல்லாம் சிவந்து போச்சு.”

அவருக்கு வேர்த்துவிட்டது. “அப்போ... நீங்க அவங்ககூடப் போகமாட்டீங்களா?”

“நல்லாயிருக்கே! என்னைக் கூட்டிட்டுப் போறதுக்காக ஒரு சர்க்கார் ஆளையே பொய் சொல்ல வச்சிருக்கா. அவளை விட்டுட்டு நான் எங்க தம்பி போவேன்?”