லைன் சும்மா இருக்கட்டும்

“விமானத்துல ஏதாவதுன்னு செய்தி வந்தா எனக்குப் போன் போடாதே வானதி. லைன் சும்மா இருக்கட்டும், நானே கூப்பிடுவேன்.”

“நீங்க கூப்பிடலைன்னா?”

“அப்பவும் யாராவது கூப்பிடுவாங்க” என்று போன விடுமுறையில் அவள் கணவன் பிரபு சிரித்தான்.

அந்தச் சிரிப்பு இப்போது வானதியின் காதிலேயே நிற்கிறது. வடக்கே, பிரபு விமானியாக இருக்கும் விமானப்படைத் தளத்தின் இரண்டு போர் விமானங்கள் பயிற்சியின்போது வானத்திலேயே மோதிவிட்டனவாம். இரண்டு விமானிகளில் ஒருவர்தான் பாராசூட்டில் இறங்கியிருக்கிறாராம். டி.வி.யில் பெயர் சொல்லவில்லை. திருக்காட்டுப்பள்ளி சாலையில் காயும் நெல்லை மாமியார் பிரகதாம்பாள் காலால் கிளறுகிறாள். கிளறிய இடத்தையே திரும்பத் திரும்பக் கிளறுகிறாள். போன் அடிக்கிறது. சீர்காழிச் சித்தி. “அப்புறம் பேசறேன் சித்தி.” மறுபடி அடிக்கிறது, சித்தப்பா. எடுக்காமலே துண்டிக்கிறாள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. நெல்லை மூடப் படுதாவை எடுக்க இருவருக்குமே தோன்றவில்லை. மூன்றாவதாகத் தெரியாத எண். வானதி போனை மாமியார் பக்கம் நீட்டுகிறாள். நெல்தூசு படிந்த கையால் பிரகதாம்பாள்தான் தொட்டு ஸ்பீக்கரில் போடுகிறாள். “யாரு?” “அம்மா, நான்தான். கால்ல மட்டும் அடி.” “சாப்பிட்டியாப்பா?” பிரகதாம்பாள் கேட்கிறாள். முதல் துளிகள் நெல்லின் மேல் விழுகின்றன. அவன் ஆசை கெடக் கூடாதென்று மூன்று வருடமாக விழுங்கிவைத்திருந்ததை, வானதி போனருகே குனிந்து சொல்லிவிடுகிறாள்: “பறந்தது போதுங்க. வந்துடுங்க.”