பின்கதவுக் கோடு

கோடு போய்விட்டது.

மாதேஸ்வரன் குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதவைப் பார்த்தார். கருநீலத்தில் அவர் முகம்தான் தெரிந்தது. வேறு ஒன்றும் இல்லை.

கார் வந்து, போட்ட மாலைகூட இன்னும் முழுசாக வாடவில்லை. அதற்குள் இடது பின்கதவின் அடியில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. காலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போதுதான் கண்ணில் பட்டது.

வேறு யாராக இருந்தாலும் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஓசூரில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு கம்பெனியில், கீறல் விழுந்த கதவுகளைக் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் அவர் வேலை. ஊரார் காருக்கெல்லாம் பார்த்த கண், பெற்ற மகளின் காரை விட்டுவிடுமா?

கவிப்ரியா தன் சம்பளத்தில் வாங்கிய கார். இன்று மதிய ஷிஃப்டுக்கு அவளே ஓட்டிக்கொண்டு சூளகிரி போகப் போகிறாள். லாரிகள் முட்டிக்கொண்டு வரும் அந்த நெடுஞ்சாலையில், பக்கத்து சீட்டில் அப்பா இல்லாமல், முதல் முறையாக.

கம்பெனி பஸ்ஸே போதும் என்று அவர் மனைவி முனிலட்சுமி சொல்லிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். மகள் கேட்கவில்லை. சம்பாதிக்கிற பிள்ளையை எவ்வளவுதான் தடுக்க முடியும்? மாதேஸ்வரனால் முடிந்தது காரைத் துடைப்பது ஒன்றுதான். அதனால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

கோட்டைப் பார்த்த கையோடு பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவிடம் சண்டைக்குப் போனார். அவளுடைய ஆடுகள் பாகலூர் முழுக்கத் தங்களுக்கே பட்டா போட்டதுபோல் திரிகிறவை.

கெம்பம்மா வந்து குனிந்து பார்த்தாள். "இவ்ளோ நேரா கோடு போட எங்கூட்டு ஆடு என்னா பள்ளிக்கூடத்துக்கா போச்சு, அண்ணா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதுவும் நியாயம்தான். திரும்பி வந்து, பழைய பனியன் துணியில் கீறல் போக்கும் காம்பவுண்டுப் பசையைத் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் கோயிலில் வைத்தே முடித்தாகிவிட்டது. ஆனால் கீறல் விஷயத்தில் அவர் காம்பவுண்டைத்தான் நம்புவார்.

தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. விடவில்லை. கோடு மங்கியது, நூலானது, பிறகு இல்லாமலே போனது. மேலே மெழுகு பூசித் துடைத்துவிட்டு, ஈரத் துணியைக் குளியலறை ஓரமாகப் படுதா போர்த்தி நிற்கும் பைக்கின் மேல் காயப்போட்டார்.

"முனிலட்சுமி, இங்க வந்து பாரு."

மகளின் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே அவள் வெளியே வந்தாள். கீறல் விழுந்த விஷயத்தை அவர் அவளிடம் சொல்லவே இல்லை. இப்போதும் எந்தக் கதவு என்று காட்டவில்லை. அவளே நேராகப் போய் அந்த இடத்தில் குனிந்தாள்.

விரலால் தடவினாள். இன்னும் கொஞ்சம் தள்ளித் தடவினாள். வழவழவென்று இருந்தது.

"அழிச்சிட்டீங்களா?"

அவள் கை தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கைப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அவருக்கு எல்லாம் புரிந்தது.

"நாந்தாங்க போட்டேன்" என்றாள். "ஒரு காயமாச்சும் வண்டி மேல இருக்கட்டும்னு."

ஊக்கால் கீறினால் லாரி ஒதுங்கிப் போகுமா என்று கேட்க வாயைத் திறந்தார். நல்லவேளையாக, பார்வை படுதாவின் பக்கம் போய்விட்டது.

மூத்தவன் தமிழரசனின் பைக். அதுவும் புதுசாக இருந்தபோதுதான், அதே நெடுஞ்சாலையில்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் அதைத் திருப்பிக் கொடுத்த அன்று, பழக்க தோஷத்தில் மாதேஸ்வரன் விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். ரோட்டோர மணலில் சாய்ந்து கிடந்த வண்டியாம். தலைவிளக்கு முதல் பின்விளக்கு வரைக்கும் ஒரு கீறல் இல்லை. அவருடைய கம்பெனியில் வைத்திருந்தால் அவரே பாஸ் பண்ணியிருப்பார்.

பையனைத்தான் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள்.

"அப்பா, சாவி. நேரமாச்சு." கவிப்ரியா கழுத்தில் கம்பெனி அட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். காரைப் பார்த்து அவள் முகமெல்லாம் சிரிப்பு.

சாவி அவர் கையில்தான் இருந்தது. போகாதே என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் மட்டும் நின்றுவிடுவாளா?

"ஒரு நிமிஷம்மா. டயர்ல காத்து இருக்குதான்னு பாத்துட்டுத் தரேன்."

அவர் சுற்றிப் போய் இடது பின்கதவுக்குக் கீழே உட்கார்ந்தார். முனிலட்சுமி வந்து, மகளுக்குத் தெரியாதபடி முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றாள்.

மாதேஸ்வரன் சாவியின் முனையைக் கதவில் வைத்து, எந்தக் காம்பவுண்டுக்கும் போகாத ஆழத்துக்கு அழுத்தி இழுத்தார்.