சீக்கிரம் முடியாத கப்பல்

"இருக்கறதுலயே செய்யக் கஷ்டமான கப்பல் எது?"

கேட்டவர் பஸ் டிரைவர். டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். கண் ரெண்டும் தூக்கமில்லாமல் சிவந்து கிடந்தன.

மரத்துண்டுகளை ஒட்டிப் பொம்மைக் கப்பல் செய்கிற பெட்டிகள் அலமாரி முழுக்க இருந்தன. கடைக்காரம்மாவுக்கும் காலையிலிருந்து நின்று கால் கடுத்தது.

"யாருக்கு சார்?"

"என் பொண்ணுக்கு. பத்து வயசு."

"அப்போ இந்தச் சின்னப் படகு எடுத்துக்கங்க."

"அதைத்தான் போன தடவை வாங்கினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிட்டா."

"பரவாயில்லையே, கெட்டிக்காரி!"

"அதாம்மா தொல்லை."

கடைக்காரம்மா முகம் சுருங்கியது. இப்படியும் ஒரு அப்பனா?

அவர் மேல்தட்டில் இருந்த பெரிய பெட்டியைக் காட்டினார். மூணு பாய்மரம், கட்டுக் கட்டாகக் குச்சி, நூல்கண்டு.

"அது வேணாம் சார். பெரிய ஆளுங்களே பாதியில விட்டுட்டு வந்து என்கிட்ட புலம்புறாங்க."

"அதையே குடுங்க. பசை எவ்வளவு நேரத்துல காயும்?"

"அஞ்சே நிமிஷம்."

"இதைவிட மெதுவா காயற பசை இல்லையா?"

அவ்வளவுதான், கடைக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் சார், பெத்த பொண்ணு முடியாம திணறறதைப் பார்க்க அவ்வளவு ஆசையா உங்களுக்கு?"

அவர் கோபப்படவில்லை. கோபப்படக்கூட அவரிடம் தெம்பு இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நானும் அவ அம்மாவும் பிரிஞ்சிட்டோம்மா. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் என்கிட்ட வருவா. அந்தப் படகு முடிஞ்சதும் தூக்கிட்டுப் போயிட்டா. அப்புறம் வரவே இல்லை. போன் பண்ணினா, 'அங்க வந்து என்னப்பா பண்றது?'ங்கறா."

அவர் மேல்தட்டுப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார்.

"பாதிக் கப்பல் என் வீட்டுல கிடந்தா, அதுக்காகவாவது வருவா இல்ல?"

கடைக்காரம்மா அந்தப் பெட்டியை இறக்கித் திறந்தாள். உள்ளே இருந்த பசையை எடுத்துத் தன் மேஜைக்குள் போட்டாள். அலமாரிக்குப் பின்னால் போய், தச்சு வேலைக்கு வைத்திருந்த வெள்ளைப் பசையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இது நல்லா காய ஒரு வாரம் ஆகும் சார். ஒரு ஞாயித்துக்கு ஒரு பலகைக்கு மேல ஒட்டவே கூடாதுன்னு கடைக்கார அத்தை சொன்னாங்கன்னு பாப்பாகிட்ட சொல்லுங்க."

மறுநாளே காய்ந்துவிடுகிற பசை அது.