விளக்கு அணைந்த வரி

"மூணு நாளா அந்த ஒரு ஜோக்குக்கு மட்டும் லைட் அணையுது. வேணும்னே பண்றியா?" மேடையிலிருந்து இறங்கிய வேகத்தில் எகிறினார் காமெடியன்.

"ஆமா சார். ஒரு இனத்தையே மட்டம் தட்டுற வார்த்தை அது," என்றார் லைட்காரர்.

"போற போக்குல சொல்றதுய்யா! முதல் வரிசையில உக்காருறவளே அந்த இனம்தான். அவளே இத்தனை வருஷமா விழுந்து விழுந்து சிரிக்கிறா. உனக்கென்ன வலிக்குது?"

"உங்க கண்ணுல லைட் அடிக்கும் சார், கூட்டம் தெரியாது. மேலே உக்காந்திருக்கிற எனக்குத் தெரியும். நீங்க அதைச் சொன்னதும் அத்தனை பேரும் திரும்பி அவங்க மூஞ்சியைப் பாப்பாங்க. அதுக்கப்புறம்தான் அவங்க சிரிப்பாங்க."

காமெடியன் திரும்பிப் பார்த்தார். முதல் வரிசையில் உட்காரும் அவள் கதவோரம்தான் நின்றிருந்தாள்.

"ரொம்ப நன்றிண்ணே," என்றாள் லைட்காரரிடம். "மூணு நாளா இருட்டுல சிரிக்காம இருக்க முடிஞ்சுது."

காமெடியன் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து, அந்த வரியைப் பேனாவால் அழுத்தி அடித்தார்.

அவள் கண்கள் நிறைந்தன.

"அப்போ நாளைக்கு நம்ம பொண்ணையும் கூட்டிட்டு வரட்டுமாங்க? அப்பா ஷோவைப் பாக்கணும்னு எத்தனை நாளா கேக்குறா!"