நாலு மணியிலிருந்து நாலரை வரை

“நெஞ்சிலை மெசினைக் கட்டிக்கொண்டோ விருந்தாளியை வரச் சொன்னனீர்?”

“நான் எங்கை வரச் சொன்னனான்? கனடாவிலையிருந்து வந்திருக்கிறான். நாலு மணிக்கு ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போறனெண்டவன்” என்றாள் கோபிகா.

அவள் உரிமையோடு ‘வந்திருக்கிறான்’ என்றதில்தான் கணவன் ஜெயரூபனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு வயதில் நெஞ்சுக்குள் கட்டி வந்து, கொழும்பில் கதிர்ச் சிகிச்சைக்குப் படுத்திருந்தவளைப் பார்க்க மானிப்பாயிலிருந்து பஸ் ஏறிப் போன வகுப்புத் தோழன் இந்தக் கிருஷாந். கட்டி போய்விட்டது. ஆனால் அன்று பாய்ச்சிய கதிர், இருபத்திரண்டு வருடம் கழித்து இப்போது அவளுடைய இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கியிருக்கிறது. அதனால்தான் ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிய இந்த மெசின். எந்த நேரம் என்ன நடந்தது என்று கொப்பியிலும் எழுத வேண்டும்.

‘வரட்டும். அவனைக் கண்டதும் இவளுடைய நெஞ்சு என்ன குதி குதிக்கிறதென்று மெசினே சொல்லட்டும்’ என்று கறுவிக்கொண்டான்.

விடியப் போனால் இருட்டித் திரும்புகிற ஹாட்வெயார் கடைக்காரனான ஜெயரூபன், அன்று மூன்றரைக்கே கடையைப் பூட்டிவிட்டு வந்தான். கிருஷாந் வந்ததும் சோபாவில் கோபிகாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இம்மியும் அசையவில்லை.

“இவ அப்பவும் ஊசிக்குப் பயப்பிடமாட்டா, அண்ணை” என்று சிரித்தான் கிருஷாந்.

“ஓம், எனக்குத் தெரியும்.”

தெரியாது.

அவன் போன கையோடு ஜெயரூபன் கொப்பியைப் பறித்து, ‘நாலு மணியிலிருந்து நாலரை வரை கிருஷாந்’ என்று அழுத்தி எழுதினான்.

மூன்றாம் நாள் கிளினிக்கில் டொக்டர் மகாதேவி தாள்களைப் புரட்டினார்.

“நாள் முழுக்கத் துடிப்பு ஒழுங்கில்லை. மருந்து தொடங்குவம். ஆனா நாலுக்கும் நாலரைக்கும் இடையிலை...”

“குதிச்சிருக்குமே!” ஜெயரூபன் முந்திக்கொண்டான்.

“இல்லை. அந்த அரை மணித்தியாலம் மட்டும்தான் ஒழுங்கா, அமைதியா ஓடியிருக்கு. கொப்பியிலை கிருஷாந் எண்டு கிடக்கு. ஆர் அவர்?”

குதித்திருந்தால்கூட ஜெயரூபன் தாங்கியிருப்பான்.

“அது இவர் எழுதினது, டொக்டர்” என்றாள் கோபிகா மெதுவாக. “நான் எழுதியிருந்தா வேறை எழுதியிருப்பன். கலியாணம் கட்டின இந்தப் பதினைஞ்சு வருசத்திலை, அண்டைக்குத்தான் இவர் அரை மணித்தியாலம் எனக்குப் பக்கத்திலை இருந்தவர்.”