உர்ஹோவின் ஒழுகும் வண்டி

"இந்த ஏரிக்கரையிலேயே பெரிய கஞ்சன் யாருன்னு கேட்டா, நம்ம நாய்கூட உர்ஹோ வீட்டைப் பாத்துத்தான் குரைக்கும்" என்றார் ஆர்விட்.

ஆர்விட் பனிவண்டிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக். அவருடைய கொட்டகை அடுப்பைச் சுற்றி நாங்கள் நாலைந்து பேர். எல்லோரும் சிரித்தோம்.

விஷயம் இதுதான். உர்ஹோவின் பனிவண்டியில் வாட்டர் பம்ப் சீல் போய்விட்டது. இன்ஜினை ஆற வைக்கும் கூலன்ட் ஒழுகுகிறது. சீல் என்பது சின்ன வளையம், மாற்றுவது ஒரு மதிய வேலை. மனுஷன் மாற்ற மாட்டேன் என்கிறார்.

தினமும் உறைந்த ஏரியில் மீன் பிடித்துவிட்டுத் திரும்பும்போது, எதிர்க்கரையில் லெம்பி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவார்.

"கொஞ்சம் கூலன்ட் கிடைக்குமா?"

சூட்டோடு கூலன்ட் டாங்கின் மூடியைத் திறந்தால் முகத்தில் பீச்சியடிக்கும். இன்ஜின் ஆற வேண்டும். அதுவரை அந்தக் குளிரில் ஒரு மனுஷனை வாசலிலா நிற்க வைப்பது? உள்ளே கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் காபி. காபி என்றால் ஏலக்காய் மணக்கும் நிசு ரொட்டி.

"எல்லாருக்கும் சீல் போனா கூலன்ட் ஒழுகும். இவருக்கு மட்டும் ரொட்டி ஒழுகுது!" என்றார் தபால்காரர் வில்ஹோ.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு லெம்பியே வந்தாள். கணவர் இறந்த பிறகு தனியாக இருப்பவள். வாய் கொஞ்சம் நீளம்.

"யாரைப் பத்திச் சிரிக்கிறீங்க? அந்த ஆளையா? என் காபி டப்பா வாரம் தாங்கல. நேத்து மட்டும் நாலு துண்டு ரொட்டி. அஞ்சாவதுக்கு ஜாம் கேக்கறார்!"

ஆர்விட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கவலைப்படாதீங்கக்கா. அவர் வண்டி அடுத்து எதுக்கு இங்க வந்தாலும், கேக்காமலே சீலை மாத்திடறேன். உங்க தொல்லை தீர்ந்துது."

லெம்பி கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"ம்... உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த ஸ்பார்க் பிளக்கை வாங்காமலே போய்விட்டாள்.

அடுத்த வாரமே டிரைவ் பெல்ட் அறுந்து உர்ஹோவின் வண்டி கொட்டகைக்கு வந்தது. அவர் போனதும் ஆர்விட் பம்ப்புக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வாய்யா. இந்த ஓட்டை தெரியுதா? சீல் போனா இது வழியாத்தான் சொட்டும். விரலை வெச்சுப் பாரு."

வைத்தேன். காய்ந்து கிடந்தது.

"கூலன்ட் டாங்கும் தளும்பத் தளும்ப இருக்கு. இந்த போல்ட்டைப் பாரு, புதுசு. யாரோ எப்பவோ சீலை மாத்தியிருக்காங்க."

பெல்ட்டை மாட்டி முடித்த நேரம் உர்ஹோ வந்தார். ஆர்விட் சும்மா இருப்பாரா?

"உர்ஹோ, சீலையும் மாத்திடட்டுமா? பாவம், ரொம்ப ஒழுகுது போலிருக்கே!"

"வேண்டாம். இந்த வருஷம் தாங்கும்."

"அடுத்த வருஷம்?"

"அதுவும் தாங்கும்."

"யோவ், எங்கிட்டயேவா? ஒரு சொட்டு ஒழுகலை!"

அறுபது வயது மனுஷன், காது நுனிவரை சிவந்துபோனார். குல்லாயைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"முதல்ல நிஜமாவே ஒழுகிச்சு. அப்புறம் நானே மாத்திட்டேன். மாத்தின அன்னிக்கு அவ வீட்டைத் தாண்டிப் போனேன் பாரு... வீடு வந்து சேர்றதுக்குள்ள ஏரி ரெண்டு மடங்கு அகலமாயிட்ட மாதிரி இருந்துது. அதனால மறுநாள் நிறுத்திக் கேட்டுட்டேன்."

"சும்மா பாக்க வந்தேன்னு சொல்லி உள்ள போக வேண்டியதுதானே!"

"சும்மாவா?" உர்ஹோ மிரண்டுபோனார். "நம்ம ஊர்ல எவன் சும்மா போய்க் கதவைத் தட்டுவான்? காரணம் வேணாமா?"

எங்கள் ஊர் அப்படித்தான்.

"ஊரே உன்னைக் கஞ்சன்னு சொல்லுதே?"

"சொல்லட்டுமே. கஞ்சனுக்குத்தானே அங்க காபி கிடைக்குது" என்றவர், ஆர்விட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா அப்புறம் எந்த முகத்தோட போய் நிப்பேன்?"

சொல்ல மாட்டோம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார்.

அவர் வண்டிச் சத்தம் அடங்குவதற்குள் லெம்பி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"அவர் வண்டி இங்க இருக்குன்னு வில்ஹோ சொன்னார். சீலை மாத்திட்டியா?"

குரல் கடுமையாக இருந்தது. ஆர்விட் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"இல்லக்கா. வந்து... அந்த மாடலுக்கு இப்ப சீல் வர்றதில்ல."

"எப்ப வரும்?"

"வரவே வராது போலிருக்கு. நீங்கதான் கொஞ்சம் பொறுத்துக்கணும்."

கத்தப்போகிறாள் என்று காத்திருந்தோம். அவள் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சின்னப் பெண்போலச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அப்பாடா! நீ எங்கயாவது பம்ப்பைத் திறந்து, ஒழுகலைன்னு அந்த மனுஷன் முகத்துக்கு நேரா சொல்லிடுவியோன்னு ஓடி வந்தேன். நான் கொடுக்கற கூலன்ட் கேன் ரெண்டு வருஷமா ஒரு சொட்டு குறையல ஆர்விட். நானும் தினம் அதைத் தூக்கிக் கொடுத்துட்டு, 'இன்னிக்கு வண்டி எவ்வளவு குடிச்சுது?'ன்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்!"